கணினித் திரை திடீரென்று பெரிதாகிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்து, படம், ஐகான் எல்லாம் ஒரே நொடியில் பூதாகாரமாகிவிட்டால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. கை தவறி ஏதோ ஒரு வசதி இயங்கத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கணினியில் பெரிதாக்கும் வசதி ஒன்றல்ல, ஏழெட்டு உண்டு. இதில் எது என்று பார்க்காமல் கண்ட செட்டிங்கையெல்லாம் மாற்றும்போதுதான் ஒரு சிக்கல் மூன்றாகிறது. கீழே உள்ள பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மேக், லினக்ஸ், ஃபோன் வைத்திருப்பவர்கள் நேராகக் கடைசிக்குப் போகலாம்.

விளக்கமெல்லாம் அப்புறம். இப்போது நான் எதை அழுத்த வேண்டும்?

விண்டோஸ் விசையை (கீழ் வரிசையில் ஜன்னல் படம் போட்டது) அழுத்திப் பிடித்துக்கொண்டு எஸ்கேப் விசையை (இடது மேல் மூலையில் இருப்பது) ஒரு தட்டு தட்டுங்கள். திரை பழைய அளவுக்கு வந்துவிட்டால் வந்தது மேக்னிஃபையர், அதாவது திரையைப் பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கும் விண்டோஸ் வசதி. வேலை முடிந்தது. வரவில்லை என்றால் ரெசல்யூஷனில் (திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை) கை வைக்காமல் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

எது பெரிதாகியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மவுஸை வைத்தே கண்டுபிடிக்கலாம். அம்புக்குறியைத் திரையின் ஓரம்வரை தள்ளிப் பாருங்கள். ஓரத்தைத் தொட்டதும் திரை மொத்தமும் வழுக்கிக்கொண்டு நகர்ந்து, மறைந்திருந்த பகுதி தெரிகிறதா? அப்படியானால் அது மேக்னிஃபையர்தான். வேறு எதுவும் பெரும்பாலும் இப்படி நகராது.

திரை நகரவில்லை, ஆனால் டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, எழுத்து எல்லாமே தடிமனாக இருக்கிறது என்றால் ரெசல்யூஷனோ ஸ்கேலோ (எழுத்து, பட்டன் எல்லாவற்றையும் எத்தனை சதவீதம் பெரிதாகக் காட்டுவது என்ற அளவு) மாறியிருக்கிறது. டாஸ்க்பார் வழக்கமான அளவில் இருந்து டெஸ்க்டாப் ஐகான்கள் மட்டும் பெருத்திருந்தால் அது ஐகான் அளவு. பிரவுசருக்குள் இருக்கும் பக்கம் மட்டும் பெரிதாகி, அதை மினிமைஸ் செய்தால் மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால் கணினிக்கு ஒன்றுமில்லை, பிரவுசரின் ஜூம் மாறியிருக்கிறது.

இந்தப் பார்வைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் மேக்னிஃபையர் பிரச்சினைக்கு ரெசல்யூஷனை மாற்றினால், பிறகு மேக்னிஃபையரை அணைத்தாலும் திரை ஒழுங்காக இருக்காது. "சரி செய்தும் சரியாகவில்லை" என்று சொல்பவர்களில் பலர் இந்த வலையில் விழுந்தவர்கள்தான்.

நான் எதையும் தொடவே இல்லையே, மேக்னிஃபையர் எப்படி வந்தது?

விண்டோஸ் விசையோடு பிளஸ் விசையும் சேர்ந்து அழுந்தினால் மேக்னிஃபையர் தானாகத் திறக்கும். கீபோர்டின் மேல் வரிசையில் பிளஸ் குறியும் சமக்குறியும் ஒரே விசையில்தான் இருக்கின்றன. ஷிஃப்ட் அழுத்தாமலே அது வேலை செய்யும். கீபோர்டைத் துணியால் துடைக்கும்போது, குழந்தை மடியில் உட்கார்ந்து தட்டும்போது, மேசையில் இருந்த நோட்டுப் புத்தகம் சரிந்து விழும்போதெல்லாம் இது நடக்கலாம். மறுபடி மறுபடி அழுந்தினால் ஒவ்வொரு முறையும் இன்னும் பெரிதாகும். 1600 சதவீதம் வரை போகும். அந்த அளவில் ஒரு ஐகானே திரையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும், பார்ப்பவருக்குக் கணினி செத்துவிட்டது போலத் தோன்றும்.

இது வீண் வசதி அல்ல. பார்வை குறைந்தவர்களுக்காக விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருக்கிறது. அப்போது திரையின் மேல் பகுதியில் ஒரு பட்டையாக மட்டும் வரும். முழுத் திரையையும் பெரிதாக்கும் முறை விண்டோஸ் 7-இல் வந்தது. தேவைப்படுகிறவர் எந்த மெனுவையும் தேடாமல் திறக்க வேண்டும் என்பதால் குறுக்குவழியை இவ்வளவு சுலபமாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சுலபம்தான் மற்றவர்களுக்குத் தலைவலி.

விண்டோஸும் எஸ்கேப்பும் அழுத்திவிட்டேன். போகவில்லை.

முதலில், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினீர்களா என்று பாருங்கள். விண்டோஸ் விசையைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டார்ட் மெனு திறக்கும், பிறகு எஸ்கேப் அதை மூடும்; மேக்னிஃபையர் அப்படியே இருக்கும். முதல் விசையிலிருந்து விரலை எடுக்கவே கூடாது.

விண்டோஸ் விசையே வேலை செய்யாத கீபோர்டுகளும் உண்டு. கேமிங் கீபோர்டுகளில் விளையாட்டின் நடுவே தொந்தரவு வரக் கூடாதென்று அந்த விசையைப் பூட்டும் வசதி இருக்கும். அப்படியானால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் மேக்னிஃபையரைத் தேடி, அதைத் தேர்ந்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். திரையில் மேக்னிஃபையரின் சிறிய கருவிப்பட்டை தெரிந்தால் அதிலுள்ள பெருக்கல் குறியைக் க்ளிக் செய்தாலும் போதும். சில சமயம் அந்தப் பட்டை ஒரு பூதக்கண்ணாடி படமாகச் சுருங்கியிருக்கும், அதன்மேல் க்ளிக் செய்தால் விரியும்.

அணைக்க முடியாவிட்டாலும் விண்டோஸ் விசையோடு மைனஸை அழுத்தி அழுத்தி 100 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம்.

முழுத் திரையும் இல்லை, மேல் பகுதி மட்டும் பெரிதாகத் தெரிகிறது. வேறொரு நாள் மவுஸ் கூடவே ஒரு சதுரம் ஓடியது.

இரண்டும் மேக்னிஃபையரின் வேறு முகங்கள். மேலே பட்டையாக ஒட்டிக்கொள்வது டாக்ட், மவுஸோடு ஓடும் சதுரம் லென்ஸ். கன்ட்ரோல், ஆல்ட், எம் சேர்த்து அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே போகும். அணைக்கும் வழி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஒவ்வொரு முறை கணினியை ஆன் செய்யும்போதும் மேக்னிஃபையர் தானாக வந்துவிடுகிறது.

விண்டோஸ், கன்ட்ரோல், எம் மூன்றையும் அழுத்துங்கள். மேக்னிஃபையரின் செட்டிங்ஸ் நேராகத் திறக்கும். சைன் இன் செய்வதற்கு முன் தொடங்கு, செய்த பின் தொடங்கு என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டையும் அணையுங்கள். மெனு வழியாகப் போக விரும்பினால் விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, விண்டோஸ் 10-இல் ஈஸ் ஆஃப் ஆக்சஸ்.

பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே பெரிதாக இருந்தால், அந்தத் திரையின் வலது கீழ் மூலையில் ஆக்சஸிபிலிட்டி ஐகான் ஒன்று இருக்கும் (விண்டோஸ் 11-இல் மனித உருவம் போலத் தெரியும்). அதைத் திறந்து மேக்னிஃபையரை அங்கேயே அணைத்துவிட்டு உள்ளே போகலாம்.

டெஸ்க்டாப் ஐகான்கள் மட்டும் இட்லித் தட்டு அளவுக்கு வந்துவிட்டன.

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் அம்புக்குறியை வைத்து, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உங்கள் பக்கமாக உருட்டுங்கள். பெரிதானதும் இதே வழியில்தான். சக்கரம் இல்லை என்றால் வலது க்ளிக், வியூ, மீடியம் ஐகான்ஸ்.

பிரவுசரில் மட்டும் எழுத்து பெரிதாகத் தெரிகிறது.

கன்ட்ரோலும் பூஜ்யமும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் இதுவே. பிரவுசர் இந்த அளவைத் தளம் வாரியாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் ஒரு செய்தித்தளம் மட்டும் பெரிதாகவும் மற்றவை சரியாகவும் தெரிவது சகஜம். அந்தத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அழுத்த வேண்டும். டச்பேடில் இரண்டு விரல் அகன்று பெரிதாகியிருந்தால், இரண்டு விரலையும் நெருக்கினால் சுருங்கும். மேலே டேபும் முகவரிப் பட்டையும் காணாமல் போயிருந்தால் அது ஜூம் அல்ல, முழுத்திரை. எஃப் 11 அழுத்துங்கள்.

மவுஸ் சக்கரத்தைச் சும்மா உருட்டினாலே பக்கம் நகராமல் பெரிதாகிறது, சிறிதாகிறது.

கன்ட்ரோல் விசை அழுந்தியபடியே இருப்பதாகக் கணினி நினைக்கிறது. இதற்கு இரண்டு காரணம். ஒன்று, விசைக்கு அடியில் பிஸ்கட் தூளோ டீ கறையோ சேர்ந்து உண்மையிலேயே மாட்டிக்கொண்டிருப்பது. இடது வலது கன்ட்ரோல் இரண்டையும் நாலைந்து முறை அழுத்தி விட்டுப் பாருங்கள். வேறு கீபோர்டு இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று ஸ்டிக்கி கீஸ். ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் இந்த வசதியை இயக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும், பலரும் படிக்காமல் யெஸ் கொடுத்துவிடுவார்கள். ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்பவர்களுக்கான ஏற்பாடு இது. இது இயங்கும்போது கன்ட்ரோலை இரண்டு முறை தட்டினால் அது அழுந்திய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் கீபோர்டு பகுதிக்குப் போய் ஸ்டிக்கி கீஸை அணையுங்கள். அங்கேயே ஐந்து முறை ஷிஃப்ட் குறுக்குவழியையும் அணைத்துவிடுவது நல்லது.

எல்லாமே பெரிது, மவுஸோடு நகரவும் இல்லை, எழுத்து மங்கலாக வேறு இருக்கிறது.

டெஸ்க்டாப்பில் வலது க்ளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறங்கள். அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: ஸ்கேல், ரெசல்யூஷன். இரண்டிலும் ரெக்கமெண்டட் என்று பக்கத்தில் எழுதியிருக்கும் தேர்வையே கொடுங்கள். ரெசல்யூஷனை மாற்றியதும் இதை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும்; 15 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் தானே பழையபடி மாறிவிடும். ஆகவே திரை கறுத்துப்போனாலும் பதற வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் போதும்.

மங்கல் என்பது நல்ல துப்பு. எல்சிடி திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் 1024க்கு 768 அளவுப் படத்தை இழுத்து நிரப்பினால் எழுத்தின் ஓரம் கலங்கித்தான் தெரியும். ஸ்கேல் மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் எழுத்து பெரிதாக இருந்தாலும் கூர்மையாகவே இருக்கும். அதனால் மங்கலாக இருந்தால் முதலில் ரெசல்யூஷன், கூர்மையாக இருந்தால் முதலில் ஸ்கேல் என்று பாருங்கள். ஸ்கேலில் யாராவது சொந்தமாக ஓர் எண்ணை அடித்து வைத்திருந்தால் கஸ்டம் ஸ்கேலிங் என்று காட்டும். அதை அணைத்தால் ஒரு முறை சைன் அவுட் ஆகச் சொல்லும். திறந்து வைத்த வேலையைச் சேமித்துவிட்டு அழுத்துங்கள்.

ரெசல்யூஷன் பட்டியலில் சரியான அளவே இல்லை, அல்லது பெட்டியே சாம்பல் நிறமாகி மாற்ற முடியவில்லை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, சந்தேகியுங்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது க்ளிக் செய்து டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்தால் உங்கள் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் சரியான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் ஒப்புக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டை ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால் லேப்டாப் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்குங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரத்தில் வரும் இலவச மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள். ஒரு நோய்க்கு மருந்து தேடப் போய் நான்கு நோயோடு திரும்புவீர்கள். திரையின் நான்கு மூலையிலும் சேஃப் மோட் என்று எழுதியிருந்தால் மட்டும் டிரைவரைத் தேட வேண்டாம், சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தாலே பெரும்பாலும் போதும்.

செட்டிங்ஸ் ஜன்னலே திரையைத் தாண்டிப் போய்விட்டது. ஓகே பட்டன் எங்கே என்று தெரியவில்லை.

ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் ஜன்னலின் மூலையில் சிறு மெனு திறக்கும். அடுத்து எம் என்ற எழுத்தைத் தட்டிவிட்டு அம்பு விசைகளால் ஜன்னலை மேலே, பக்கத்தில் நகர்த்தலாம், முடிந்ததும் என்டர். ஜன்னல் திரையை நிரப்பி மேக்ஸிமைஸ் ஆகியிருந்தால் இந்த நகர்த்தல் வேலை செய்யாது, அதே மெனுவில் முதலில் ரீஸ்டோர் கொடுங்கள்.

ப்ரொஜெக்டரில் போட்டுக் காட்டிய பிறகு லேப்டாப் திரை பெரிதாகிவிட்டது.

பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் இது அடிக்கடி நடக்கும். ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும்போது இரண்டுக்கும் ஒத்துவரும் அளவுக்கு விண்டோஸ் இறங்கி வருகிறது. பழைய ப்ரொஜெக்டர்கள் பல 1024க்கு 768தான். கேபிளைக் கழற்றியதும் திரும்பவில்லை என்றால் விண்டோஸ் விசையோடு பி அழுத்தி, பிசி ஸ்க்ரீன் ஒன்லியைத் தேர்ந்தெடுங்கள்.

டிவியில் மாட்டும்போது வேறு மாதிரி. படம் சற்றே பெருத்து, டாஸ்க்பாரின் அடிப்பாகம் விளிம்புக்குள் போய்விடும். பழைய குழாய் டிவி காலத்திலிருந்து ஓரங்களை வெட்டிக் காட்டும் வழக்கம் டிவிகளில் தொடர்கிறது. கணினியில் எதையும் மாற்ற வேண்டாம். டிவி ரிமோட்டில் படத்தின் அளவுக்கான மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட், ஒன்றுக்கு ஒன்று போன்ற ஒரு தேர்வு இருக்கும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இது வைரஸா?

இல்லை. ஆனால் இதை ஒட்டி ஒரு மோசடி உண்டு. பிரவுசர் முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு, "உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று பெரிய எழுத்தில் கத்தும், சில நேரம் சத்தமும் வரும். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் ஃபோன் எண் ஒருபோதும் இருக்காது. எஸ்கேப்பைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ஆல்ட்டும் எஃப் 4-ம். அப்படியும் போகாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன மென்பொருளை நிறுவி, கணினியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே இணையத்தைத் துண்டித்து வங்கிக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண் 1930.

கடையில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

திரை பெரிதானதற்கு ஃபார்மட் தேவைப்படாது. இந்தப் பக்கத்திலுள்ள எந்தக் காரணத்துக்கும் தேவைப்படாது. அப்படிச் சொல்லும் கடையிலிருந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், உள்ளே இருக்கும் கல்யாண ஃபோட்டோக்களாவது மிஞ்சும்.

ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ஃபோனில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

"விண்டோஸ் கீ" என்று தொடங்காதீர்கள். "அப்பா, கீபோர்டுல கடைசி வரிசையில, இடது பக்கம், நாலு கட்டம் போட்ட ஜன்னல் மாதிரி ஒரு பட்டன் இருக்கா பாருங்க" என்று கேளுங்கள். அவர் இருக்கிறது என்று சொல்லும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். "அதை இடது கைவிரலால அமுக்கிப் பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க. இப்ப இடது மேல் மூலையில இருக்கிற பட்டனை இன்னொரு கையால ஒரு தடவை தட்டுங்க." விட்டுவிடாதீர்கள் என்பதுதான் இதில் முக்கியம். ஸ்டார்ட் மெனு வந்துவிட்டது என்று அவர் சொன்னால் விரலை எடுத்துவிட்டார் என்று அர்த்தம், மறுபடி சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் வீடியோ கால் முடிந்தால் அதுவே சுலபம். ஃபோனைத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு மவுஸை ஓரத்துக்குத் தள்ளச் சொன்னால் மேக்னிஃபையரா இல்லையா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஃபோனில் பேசும்போது கோபப்பட்டால் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார், நேராகக் கடைக்குத்தான் போவார்.

பெரிதாகவில்லை, தலைகீழாகிவிட்டது. அல்லது நிறமெல்லாம் ஃபோட்டோ நெகட்டிவ் போல ஆகிவிட்டது.

தலைகீழ் என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப்புக்கு மாற்றுங்கள். சில கணினிகளில் கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு என்ற குறுக்குவழியும் வேலை செய்யும். நிறம் மாறியிருந்தால் மூன்று இடத்தைப் பார்க்கலாம். மேக்னிஃபையர் இயங்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஐ சேர்ந்து அழுந்தினால் நிறம் புரளும், மறுபடி அதையே அழுத்தினால் திரும்பும். விண்டோஸ், கன்ட்ரோல், சி என்பது கலர் ஃபில்டர். அதற்குரிய தேர்வு இயக்கத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்க்ரீன் மூன்றும் சேர்ந்தால் ஹை கான்ட்ராஸ்ட்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய எழுத்துதான் பிடித்திருக்கிறது. சரியான வழி எது?

மேக்னிஃபையரும் வேண்டாம், ரெசல்யூஷனைக் குறைக்கவும் வேண்டாம். ஆக்சஸிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸ் என்று இருக்கிறது, எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை பெரிதாக்கலாம். படமும் பட்டனும் சேர்ந்து பெரிதாக வேண்டும் என்றால் ஸ்கேலை 125 அல்லது 150 ஆக்குங்கள். தமிழ் படிப்பவர்களுக்கு இது நிஜமாகவே உதவும். சிறிய அளவில் மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்குத் தப்பிவிடும், ணகரத்தின் சுழிகளை எண்ண முடியாது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கௌரவம் பார்க்காமல் 125-இல் வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி வராமல் தடுக்க முடியுமா?

விண்டோஸ் செட்டிங்ஸில் மேக்னிஃபையரைத் திறக்கும் குறுக்குவழியை மட்டும் அணைக்க நேரடியான பொத்தான் இல்லை. மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் கீபோர்டு மேனேஜர் என்ற கருவி உண்டு. விண்டோஸும் சமக்குறியும் சேர்ந்த குறுக்குவழியை அதில் செயலிழக்கச் செய்யலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது கொஞ்சம் அதிகம். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் அழுத்திப் பூட்டிவிட்டுப் போனால் டெஸ்க்டாப்புக்குள் போய் எதையும் மாற்ற முடியாது.

மேக் வைத்திருக்கிறேன்.

ஆப்ஷன், கமாண்ட், 8 என்பது ஜூமை இயக்கவும் அணைக்கவும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு உருட்டியதால் பெரிதாகியிருந்தால் அதே போல எதிர்ப்பக்கம் உருட்டினால் போதும். நிரந்தரமாக அணைக்க சிஸ்டம் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் ஜூம். 2022-இல் வந்த வென்ச்சுராவுக்கு முந்தைய மேக்குகளில் அதன் பெயர் சிஸ்டம் ப்ரிஃபரன்சஸ்.

லினக்ஸ், குரோம்புக்?

லினக்ஸில் எந்த டெஸ்க்டாப் சூழல் என்பதைப் பொறுத்தது. எக்ஸ்எஃப்சிஇ என்றால் ஆல்ட்டைப் பிடித்துச் சக்கரத்தை உருட்டியிருப்பீர்கள், எதிர்ப்பக்கம் உருட்டுங்கள். நோம் என்றால் சூப்பர், ஆல்ட், 8. கேடிஇ என்றால் சூப்பரும் பூஜ்யமும். சூப்பர் என்பது விண்டோஸ் படம் போட்ட அதே விசைதான். குரோம்புக்கில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பூஜ்யம். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், சர்ச், எம் அழுத்தி முழுத்திரை மேக்னிஃபையரை அணைத்துப் பாருங்கள்.

ஃபோன் திரை பெரிதாகி, பாஸ்வேர்டு போடக்கூட முடியவில்லை.

ஐஃபோனில் மூன்று விரலை ஒன்றாக வைத்து இரண்டு முறை தட்டுங்கள், லாக் ஸ்க்ரீனிலும் வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் ஒரு விரலால் மூன்று தட்டு. உள்ளே போனதும் ஆக்சஸிபிலிட்டியில் ஐஃபோனில் ஜூம், ஆண்ட்ராய்டில் மேக்னிஃபிகேஷன் என்பதை அணைத்துவிடுங்கள்.